செம்பாக்கத்து மாடி அறைக்குள் நார்வேயின் விளக்குக் கரன்ட்! தெரியுமா?

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில், செம்பாக்கம் வந்ததும் உள்ளே பிரியும் தெருக்களில் ஏதோ ஒரு மாடி போர்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பத்து அறை. ஓரத்தில் இரும்பு பீரோ, மேசையில் லேப்டாப், ஸ்டாண்டில் ஒரு மைக். மைக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவே, அரைக் கிலோகூடத் தேறாத ஒரு பெட்டி. முகப்பில் ஒன்றிரண்டு துளை, ஒன்றிரண்டு திருகு, பின்னால் ஒரு யூ.எஸ்.பி. வயர். அதற்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று பெயர். வீட்டிலேயே பாட்டு பதிபவர்கள், டப்பிங் குரல் கொடுப்பவர்கள், வீணை வகுப்பை வெளிநாட்டு மாணவர்களுக்கு இணையத்தில் நடத்துபவர்கள் எல்லோருக்கும் இதுதான் வாசல்.

வாங்கி வந்து சொருகினால் பதிவாகிறது, இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இந்தப் பெட்டிக்குள் இருக்கும் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றுகூட வீட்டில் பாட்டு பதிவதற்காகப் பிறந்ததில்லை! தந்தி அனுப்பியவர்கள், டெலிபோன் இழுத்தவர்கள், டி.வி. டேப் செய்தவர்கள், போர்க்காலத்தில் ரகசியம் பேசியவர்கள் எல்லோரும் அவரவர் காரியத்துக்குச் செய்துவைத்தவை, ஒன்றன்பின் ஒன்றாக வந்து இந்தக் கையளவு இடத்தில் குடியேறியிருக்கின்றன.

முகப்பில் "48 வோல்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அந்த 48 எங்கிருந்து வந்தது தெரியுமா? நார்வேயிலிருந்து! கண்டென்சர் மைக்குக்குள் இருக்கும் மெல்லிய தகடு குரல் பட்டு அதிரும். அந்த அதிர்வை வயரில் ஏற்றி அனுப்ப மைக்குக்கு வெளியிலிருந்து கரன்ட் வேண்டும். 1966-இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் கே.எம். 84 என்ற புதிய டிரான்சிஸ்டர் மைக்கை நார்வே வானொலிக்குச் செய்து கொடுத்தது. குரல் வரும் அதே வயரிலேயே கரன்ட்டும் போக வேண்டும் என்பது வானொலிக்காரர்கள் வைத்த நிபந்தனை. அவர்கள் ஸ்டூடியோக்களில் கரன்ட் போனால் எரியும் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. அதையே எடுத்து மைக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்படி ஒரு கட்டடத்தில் தற்செயலாகக் கைக்குக் கிடைத்த எண், உலகத்தின் நியதியாகிவிட்டது!

இதைவிட ஆச்சரியம் ஒன்று. யூ.எஸ்.பி. வயரில் வருவது வெறும் 5 வோல்ட். ஐந்தை 48 ஆக்குவது எப்படி? ஓடுகிற தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடினால் குழாய் 'டங்' என்று அதிருமே, அந்த வித்தைதான். பெட்டிக்குள் ஒரு சின்னஞ்சிறு கம்பிச்சுருளில் கரன்ட்டை ஓடவிட்டு டக்கென்று வெட்டுகிறார்கள். ஓடிய கரன்ட் நிற்க மறுத்து முட்டும்போது வோல்டேஜ் எகிறுகிறது. விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை இப்படி வெட்டி, எகிறியதைச் சேர்த்து வைத்து, 48 வோல்ட்டாக மைக்குக்கு அனுப்புகிறது பெட்டி. நீங்கள் பல்லவி பாடும் நேரம் முழுக்க இந்த வேலை நடக்கிறது, உங்கள் காதுக்குத் துளியும் கேட்காமல்!

கிடார் வயரைச் சொருகும் கால் அங்குல ஜாக்? அது 19-ஆம் நூற்றாண்டின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் அழைப்புகளை மாற்றி மாற்றிச் சொருகியது. மைக் வயரும் கிடார் வயரும் ஒரே துளையில் நுழைகிறதே, அந்தக் கூட்டுத் துளைக்குப் பெயர் பெற்ற நியூட்ரிக் நிறுவனம் லிக்டன்ஸ்டைன் நாட்டில் இருக்கிறது. அந்த நாட்டின் பரப்பு 160 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சிக்குள் அதுபோல் இரண்டு நாடுகள் அடங்கி, இடமும் மிஞ்சும்!

இப்போது மூன்று முனை கொண்ட அந்த மைக் வயரைப் பாருங்கள். ஒரே குரலுக்கு ஏன் இரண்டு வயர், கூடவே ஒரு எர்த்? குரல் ஒரு வயரில் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் போகிறது. வழியில் டியூப் லைட், ஃபிரிட்ஜ், மோட்டார் எது இரைச்சலைப் புகுத்தினாலும் அது இரண்டு வயரிலும் ஒரே மாதிரி ஏறும். பெட்டி செய்வது ஒரேயொரு கழித்தல்: ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது. ஒரே மாதிரி ஏறிய இரைச்சல் பூஜ்யமாகிறது, தலைகீழாக வந்த குரலோ இரட்டிப்பாகிறது! நீளமான மைக் வயர்களில் குரல் சுத்தமாக வருவதன் பின்னால் இந்த ஒற்றைக் கணக்குதான் நிற்கிறது.

இரைச்சல் என்றதும் ஒன்று. நம் வீட்டுக் கரன்ட்டுக்கு ஒரு சுருதி உண்டு, தெரியுமா?

மின்வாரியம் அனுப்பும் கரன்ட் விநாடிக்கு 50 சுற்று அலைகிறது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால், சரியாக எர்த் இல்லாத லேப்டாப் சார்ஜரோடு பதிவு செய்தால், 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்கிறதே, அது இந்த 50-உம் அதன் இரட்டிப்பான 100-உம்தான். ஐந்து கட்டை ஷட்ஜமத்தை இரண்டு மூன்று ஸ்தாயி கீழே கொண்டுபோனால் 49 வருகிறது. ஆக, நம் ஊர்க் கரன்ட் பாடுவது ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே! ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் பதிவில் இந்த ரீங்காரம் ஷட்ஜமத்தை ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். ஒரு கட்டையில் பாடும் ஆணுக்கோ அது பஞ்சமத்தை ஒட்டி நிற்கும். ஒட்டித்தான் நிற்கும், சேராது. அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு விலகல். தம்பூராவுக்குப் பக்கத்தில் யாரோ விடாமல் சற்றே பிசகிய பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதாகக் காது உறுத்துவதற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவில் கரன்ட் 60 சுற்று. அங்கே ரீங்காரம் ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் சரியாக நடுவில் விழுகிறது, எந்த ஸ்வரத்திலும் சேராமல்!

இன்னும் கேளுங்கள். இந்த 50 ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. ஊர் முழுக்க ஏ.சி. ஓடினால் ஒரு நூலிழை குறையும், தேவை குறைந்தால் ஒரு நூலிழை ஏறும். அந்த ஏற்ற இறக்கம் ஒரு நாளைப்போல இன்னொரு நாள் இருக்காது. ஒரு பதிவில் ஒட்டியிருக்கும் ரீங்காரத்தை வைத்தே அது எந்த நாள், எந்த நேரத்தில் பதிவானது என்று கண்டுபிடிக்கும் தடயவியல் முறை உலகில் இருக்கிறது! 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின்தொகுப்பு, ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாக மற்ற இந்தியத் தொகுப்போடு ஒரே தாளத்தில் இணைந்தது. அன்று முதல் செம்பாக்கத்தின் ரீங்காரமும் ஸ்ரீநகரின் ரீங்காரமும் ஒரே சமயத்தில் ஏறி ஒரே சமயத்தில் இறங்குகின்றன. ஒரு நாடே ஒரே சுருதியில்!

(பதிவில் இந்தச் சத்தம் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும்.)

அடுத்தது அந்தத் திருகு, கெயின். மைக்கிலிருந்து வருவது வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. அதை ஆயிரம் மடங்கு பெருக்கும் வேலை கெயினுடையது. அப்படிப் பெருக்கும்போது ஒரு 'ஸ்ஸ்ஸ்' கேட்கும். அது எந்தக் கம்பெனியின் தவறும் இல்லை. சூட்டில் எலக்ட்ரான்கள் துள்ளுகிற சத்தம் அது! கம்பி இருந்தால் எலக்ட்ரான் துள்ளும், துள்ளினால் இரைச்சல் உண்டு. நல்ல பெட்டிகளின் இரைச்சல், இயற்கை வகுத்த இந்த எல்லைக்குச் சில டெசிபல் மேலேதான் இருக்கிறது. இதற்கு மேல் அமைதியாக்க இயற்பியலே இடம் தராது என்ற இடத்துக்குப் பக்கத்தில், கல்லூரிப் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கும் ஒரு பெட்டி வந்து நிற்கிறது! சித்திரை வெயிலில் சூடு ஏறினால் சத்தமும் ஏறுமே என்று பயப்பட வேண்டாம். 20 டிகிரி 40 டிகிரியானாலும் அந்த இரைச்சல் அரை டெசிபல்கூட ஏறாது.

அந்த எலக்ட்ரான் இரைச்சலுக்கு 1928-இல் கணக்கு எழுதியவர் ஹாரி நைக்விஸ்ட். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்க டெலிபோன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அதே மனிதர், அதே 1928-இல், தந்தியைப் பற்றி வேறொரு கட்டுரை எழுதினார். ஒரு அலையை எத்தனை தடவை தொட்டுப் பார்த்தால் அதை முழுதாகத் திரும்பப் பெறலாம் என்ற டிஜிட்டல் ஒலியின் அடிப்படை விதிக்கு வேர் அதில்தான் இருக்கிறது. அலை விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறதோ, அதைப்போல இரண்டு மடங்கு தொட்டால் போதும்! பெட்டி எவ்வளவு அமைதியாக இருக்க முடியும், எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்ற இரண்டு எல்லைகளையும் ஒரே ஆள் ஒரே வருடத்தில் கோடு போட்டுக் காட்டிவிட்டார்.

குரலை எண்ணாக மாற்றும் யோசனை 1937-இல் பாரிஸில் டெலிபோன் வேலை பார்த்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயருக்கு வந்தது. அதை உருவாக்க அன்றைக்கு உகந்த பாகங்களே இல்லை. முதலில் கைக்கொண்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அமெரிக்க ராணுவம்! 1943-இல் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் நடுவே ஒட்டுக்கேட்க முடியாத பேச்சுக்காக பெல் ஆய்வகம் செய்த சிக்சாலி இயந்திரம், குரலைப் படிநிலைகளாக வெட்டி எண்ணாக்கி அனுப்பியது. அதன் எடை 50 டன்னுக்கு மேல்! லண்டன் முனை செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடியின் நிலவறையில் வைக்கப்பட்டது. ரகசியக் குறியீடாக இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் சுழன்றவை, வெறும் இரைச்சல் பதிந்த இசைத்தட்டுகள்!

இன்று உங்கள் பெட்டிக்குள் அந்த வேலையைச் செய்வது விரல்நகமளவு சிப். அதன் உள்முறை 1962-இல் ஜப்பானில், தொலைவிலிருந்து அளவுகளை அனுப்பும் கருவிகளுக்காக எழுதப்பட்ட ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. விநாடிக்கு 48,000 மாதிரி எடுப்பதாகப் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த வகைச் சிப் அதைப்போல 128 மடங்குகூட, அதாவது விநாடிக்கு 61 லட்சம் தடவைக்கு மேல் குரலைத் தொட்டுப் பார்த்து, பிறகு சுருக்கிக் கொடுக்கிறது. 24 பிட் என்றால், ஒவ்வொரு மாதிரியும் 1 கோடியே 67 லட்சம் படிகளில் ஏதோ ஒன்றில் போய் உட்கார்கிறது. சி.டி.யின் 16 பிட்டில் படிகள் 65,536 மட்டும்.

சி.டி. என்றதும் 44,100 என்ற விசித்திர எண் நினைவுக்கு வந்திருக்கும். முழு எண்ணாக 40,000, 50,000 என்று வைக்காமல் ஏன் இப்படி? டி.வி.யால்! ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியின் எண் வெள்ளத்தைத் தாங்க வீடியோ டேப்தான் வழி. படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் மூன்று எண்களை அடைத்தார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் 245 கோடுகள், விநாடிக்கு 60 தடவை. நம் தூர்தர்ஷனும் பின்பற்றிய பால் முறையில் 294 கோடுகள், விநாடிக்கு 50 தடவை. இரண்டையும் மூன்றால் பெருக்கிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே விடை, 44,100!

சரி, இந்த எண்கள் எல்லாம் லேப்டாப்புக்குப் போகும் யூ.எஸ்.பி.? அதை உருவாக்கிய இன்டெல் குழுவின் முன்னணியில் நின்றவர் குஜராத்தின் வடோதராவில் பிறந்து அங்கேயே பொறியியல் படித்த அஜய் பட்! கணினியோடு பிரின்டரை இணைக்க வீட்டில் பட்ட பாடுதான் தன்னை யோசிக்க வைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1996-இல் முதல் வடிவம் வந்தது. யாரும் உரிமத்தொகை கட்டாமல் பயன்படுத்தலாம் என்று இன்டெல் திறந்துவிட்டது. அந்தத் தாராளம் இல்லாவிட்டால் இந்தச் சின்னப் பெட்டி இந்த விலைக்கு வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பாடும்போது ஹெட்போனில் உங்கள் குரலே சற்றுத் தாமதமாகத் திரும்பி வந்து தாளத்தைக் குழப்புகிறதா? அது லேட்டென்சி. லேப்டாப் எண்களைக் கொத்துக் கொத்தாகத்தான் வாங்கும். 256 மாதிரி கொண்ட கொத்து என்றால் 5 மில்லிவிநாடிக்கு மேல் காத்திருப்பு, 64 என்றால் ஒன்றேகால் சொச்சம். இது பெரிய விஷயமா? நம் ஊர் வெப்பத்தில் ஒரு மில்லிவிநாடியில் ஒலி 35 சென்டிமீட்டர் போகும். கச்சேரி மேடையில் பாடகரிடமிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரர், அவர் குரலை 4 மில்லிவிநாடி கழித்துத்தான் கேட்கிறார்! ஆக, சின்னத் தாமதத்தைத் தாளத்தோடு சமாளிப்பது நம் வித்வான்களுக்கு என்றைக்கோ பழகிய சங்கதி. அதுவும் வேண்டாம் என்றால் பெட்டியில் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான் இருக்கிறது. குரல் லேப்டாப்புக்குப் போகாமலே நேராகக் காதுக்கு வந்துவிடும்.

சிவப்புப் பெட்டியாக எங்கும் தென்படும் ஸ்கார்லெட்டின் தாய் நிறுவனம் ஃபோக்கஸ்ரைட். 1985-இல் அதைத் தொடங்கியவர் ரூபர்ட் நீவ். அதன் ஆரம்பகால மைக் ஆம்ப்ளிஃபையர், பீட்டில்ஸ் பாடல்களைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டின் தன் ஏர் ஸ்டூடியோவுக்காகக் கேட்டுச் செய்யவைத்தது!

நம் ஊர்க் கதை இதற்குச் சளைத்ததா? 1934-இல் கீழ்ப்பாக்கத்தில் ஏ. நாராயணனின் ஸ்ரீனிவாஸ் சினிடோன் எழுந்தது. சென்னையிலேயே எடுத்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'ஸ்ரீனிவாச கல்யாணம்' அங்கே உருவானது. அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனாட்சி நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று திரை வரலாறு எழுதியவர்கள் குறிப்பது அவரைத்தான். எவ்வளவு பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? அரங்குகளுக்குக் கூரை போட்டு ஒலி அடைக்காத அந்தக் காலத்தில் காகம் கரைந்தால் டேக் போயிற்று. காகம் விரட்டவே ஆள் வைத்த கதைகள் சென்னை சினிமாவில் உண்டு. பிறகு 1989 வாக்கில் கோடம்பாக்கத்தில், தன் வீட்டை ஒட்டியே பஞ்சதன் என்ற ஸ்டூடியோவைக் கட்டினார் ஏ.ஆர். ரகுமான். 1992-இல் 'ரோஜா' அங்கிருந்து வந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது! வீட்டில் பதிந்தால் எடுபடுமா என்ற கேள்விக்கு அன்றே பதில் வந்துவிட்டது.

செம்பாக்கத்துக்கு வருவோம். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட ஊர். பக்கத்திலேயே விமானப் படைத் தளம், பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல். பிரதான சாலையில் பஸ் ஹாரன். மழை பெய்தால் ஏரிப்பக்கத் தவளைகள். கண்டென்சர் மைக் இவை எல்லாவற்றையும் விசுவாசமாகப் பதியும்! அடைக்காத அறைக்கு, நுணுக்கம் குறைந்த டைனமிக் மைக்தான் என் சிபாரிசு. அது மலிவுக்கான சமாளிப்பு என்று நினைக்காதீர்கள். 1982-இல் மைக்கேல் ஜாக்சன் 'த்ரில்லர்' ஆல்பத்துக்குப் பாடியது ஷூர் எஸ்.எம். 7 என்ற டைனமிக் மைக்கில்!

பத்துக்குப் பத்து அறைக்கும் ஒரு ரகசியம் உண்டு. சுவருக்குச் சுவர் பத்தடி என்றால் 57 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அறையே சேர்ந்து பாட ஆரம்பிக்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு ஜோடிச் சுவர்களும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். 114-இல் விழும் ஆண் குரலின் கீழ்ச் சுரம் திடீரென்று குமுறுவது இதனால்தான். அறை நடுவில் உட்காராதீர்கள். பட்டுப்புடவையும் போர்வையும் நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, மைக்கை அதன் முன்னால் நிறுத்தி, துணிகளைப் பார்த்துப் பாடுங்கள். குரல் துணிகளில் அமிழும், எதிரொலி பெருமளவு அடங்கிவிடும். பீரோவைப் பூட்டி வைத்தால் அதன் இரும்புக் கதவே கூடச் சேர்ந்து அதிரும்!

இந்தப் பெட்டியை வாங்கிய ஒவ்வொருவரிடமும் கேட்க ஆசைப்படும் ஒன்றைச் சொல்கிறேன். நலங்குப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி என்று எழுத்தில் ஏறாத பாட்டுகள் தெரிந்த பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் பாட்டைப் பதிவதற்கு முன்னால் அவர்களுடையதைப் பதிந்துவிடுங்கள். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியபோது ஒரு பாட்டுக்குக் கிடைத்தது மூன்று நிமிடம் சொச்சம். மைக் கிடையாது, ஒரு கூம்புக் குழாய்க்குள் உரக்கப் பாட வேண்டும். உங்கள் பெட்டியிலோ 48,000, 24 பிட், ஸ்டீரியோ என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜி.பி.தான் ஆகும். பாட்டி நாலு மணி நேரம் பாடினாலும் ஒரு சின்ன பென் டிரைவில் அடங்கும்!

ஃபேனை நிறுத்துங்கள். குக்கர் அடுப்பில் இல்லாத நேரமாகப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். டைனமிக் மைக் என்றால் 48 வோல்ட் வேண்டாம். உரக்கப் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 பக்கம் நிற்கும்படி கெயினை வையுங்கள். 24 பிட்டில் குறைவாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம், சிவப்பு விளக்கு எரிந்து உடைந்த குரலைச் சரிசெய்வது பெரும்பாடு. பாட ஆரம்பித்த பிறகு பதிவைத் தொடங்காதீர்கள், தொண்டையைக் கனைத்து "இது எங்க அத்தை சொல்லிக்கொடுத்தது" என்று பேசுவதும் வேண்டும்.

கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லித்தான் முடிப்பார், தெரியுமா? மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த்தான் அச்சாகும், அங்கிருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. உங்கள் பாட்டியிடமும் கேளுங்கள்: பெயர், பிறந்த ஊர், யாரிடம் கற்றது, எந்தச் சடங்கில் பாடுவது. கணினியில் கோப்பின் பெயர் என்றைக்கு வேண்டுமானாலும் மாறிப்போகலாம், அவர் குரலில் அவரே சொன்னது பாட்டோடு ஒட்டியே இருக்கும்.